உரிந்த பெயின்டைத் திருப்பிப் பாருங்கள்

குரோம்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதமும் ஒன்பது புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீடு 1986-ல் கணவர் கட்டியது. கீழே இவரும் மகன் குடும்பமும், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். மாசியில் மகளுக்குக் கல்யாணம். நவராத்திரிக் கொலுவுக்கு முன்பே வேலையை முடித்துவிடலாம் என்று, அதே தெருவில் பல வீடுகளுக்கு அடித்த மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கிறார். வெளிப்புறம் மெட்டீரியலோடு சேர்த்து சதுர அடி 32 ரூபாய், மேஸ்திரி அளந்த கணக்கு 3,000 சதுர அடி, ஆக 96,000. உள்ளே மட்டும் பெயின்டை இவரே கடையில் வாங்கிக் கொடுத்து, தினக்கூலிக்கு ஆள் வைத்து வேலை. வெளிப்புறத்துக்கு இதுவரை 70,000 கொடுத்தாகிவிட்டது. அதில் 45,000 ஜிபே, மீதி ரொக்கம். எழுத்தில் எதுவும் கிடையாது.

கார்த்திகை மழை முடிவதற்குள் மேற்குச் சுவர் பொருமி, அப்பளம் மாதிரி உரிய ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரியைக் கேட்டால், "சுவர்ல ஓதம்மா, அதுக்கு பெயின்ட் என்ன பண்ணும்?" என்கிறார். மீதி 26,000-ஐயும் கேட்கிறார். பெயின்ட் கடைக்காரர் ஏழு வருஷ வாரன்டி என்று சொன்னவர், இப்போது கம்பெனியைக் கேளுங்கள் என்று கை காட்டுகிறார். போலீசில் 420 கொடுத்துவிடலாம் என்பது மகனின் யோசனை. பங்குனியில் காலி செய்யப்போகும் மாடி வீட்டுக்காரரின் அட்வான்ஸில் பெயின்ட் செலவைப் பிடித்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார். உள்ளே ஹாலில் இரண்டு சுவர் இரண்டு ஷேடாகத் தெரிகிறதாம், அதையும் வழக்கில் சேர்க்கலாமா என்கிறார். இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுக்காரர், "போன தடவை என் துளசி மாடத்துல எல்லாம் பெயின்ட் தெளிச்சுட்டாங்க, இனிமே என் பக்கம் சாரம் கட்ட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா, வணக்கம். உங்கள் கடிதத்தில் சட்டக் கேள்விகள் ஏழெட்டு இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய கேள்வி அதில் இல்லை. பெயின்ட் ஏன் உரிந்தது? அது தெரியாமல் மேஸ்திரி மீதோ, கடைக்காரர் மீதோ, மாடிக் குடித்தனக்காரர் மீதோ கை நீட்ட முடியாது. பெயின்ட் வழக்குகள் தோற்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். உரிந்த சுவரைப் படம் எடுத்து வருவார்கள். எதனால் உரிந்தது என்று நிரூபிக்க ஒரு காகிதம்கூட இருக்காது.

சுவர் சொல்லும் சாட்சி

நாளைக் காலை வெளிச்சம் நன்றாக வந்ததும் மேற்குப் பக்கம் போங்கள். உரிந்து தொங்கும் பெயின்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்தாறு துண்டுகளை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுங்கள். மாடி பாத்ரூமுக்குக் கீழே ஒன்று, சன்ஷேடுக்கு அடியில் ஒன்று, கைப்பிடிச் சுவரில் ஒன்று, தரையோரம் ஒன்று, எந்தக் குழாயும் இல்லாத நடுச்சுவரில் ஒன்று. எடுத்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கம் வெள்ளை மாவு படிந்து, விரலால் தடவினால் சாக்பீஸ் தூள் மாதிரி ஒட்டுகிறதா? பழைய சுண்ணாம்பையோ சிமென்ட் பெயின்டையோ சுரண்டாமல், மேலேயே புது எமல்ஷனை, அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்டை, ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 1986-ல் கட்டிய வீடு என்கிறீர்கள், அந்தக் காலத்தில் வெளிச்சுவருக்கு அதைத்தான் அடிப்பார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவிட்டு, பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்திருந்தால் அந்த மாவு இருந்திருக்காது. அது முழுக்க வேலைக் குறை, மேஸ்திரியின் பொறுப்பு. பெயின்டோடு சேர்ந்து, சுவரை வழவழப்பாக்கப் பூசும் பட்டியும் ஒரு தகடாகக் கழன்று வருகிறதென்றால், உள்சுவருக்கான பட்டியை வெளியே பூசியிருக்க வாய்ப்பு அதிகம். அது மழையில் ஊறிப் போகும். அதுவும் அவர் கணக்குதான்.

ஆனால் துண்டு ஈரமாக இருந்து, அது விட்டுப்போன சுவரில் பஞ்சு மாதிரி உப்பு பூத்திருந்தால் கதை வேறு. தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அங்கே எந்தக் கம்பெனி பெயின்டும் நிற்காது. நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாடி பாத்ரூம் தண்ணீர் வெளியேறும் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடத்துக்குக் கீழே, ஒரு முழ அகலத்தில் பச்சைப் பாசி இறங்கியிருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் வருகிற பாசி அல்ல அது. நீங்கள் ஓதமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் இருக்கிறது, அம்மா.

ஆகவே என் ஊகம், மேற்குச் சுவரில் இரண்டு நோய் இருக்கிறது. பாத்ரூம் ஓரத்தில் ஒழுகல், மற்ற இடத்தில் சுரண்டாத சுவர். இதை உறுதி செய்துகொள்ள ஒரு சின்னச் சோதனை உண்டு. மழை விட்டு ஒரு வாரம் வெயில் காய்ந்த பிறகு, ஓர் அடிக்கு ஓர் அடி கனமான பிளாஸ்டிக் ஷீட்டை வெறும் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டிவிடுங்கள். பாத்ரூமுக்குக் கீழே ஒன்று, நடுச்சுவரில் ஒன்று. மறுநாள் ஷீட்டின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது.

எடுத்த துண்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். அதே இடத்தை ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு ஒரு சிவில் இன்ஜினியரை, மகனின் நண்பராக இல்லாத ஒருவரை, அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சில ஆயிரம் செலவாகும். கல்யாண அவசரத்தில் இதற்கு முன்னால் சுவரைச் சுரண்டிப் புதிதாக அடித்துவிட்டால், உங்கள் சாட்சியை நீங்களே அழித்தது போலாகிவிடும்.

இன்னொரு விஷயம். ஷெட்டில் கிடக்கும் காலி வாளிகளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்: 20 லிட்டர் ஒன்று, 10 லிட்டர் ஒன்று. வெளிப்புற எமல்ஷன் நல்ல பூச்சுச் சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 50, 60 சதுர அடிதான் வரும். 3,000 சதுர அடிக்குக் குறைந்தது 50 லிட்டர் ஆகியிருக்க வேண்டும். 30 லிட்டரில் முடிந்திருந்தால், ஒன்று தண்ணீர் அதிகம் கலந்திருக்கிறது, அல்லது சில சுவர்களுக்கு ஒரே கோட்டுதான். துள்ளிக் குதிக்காதீர்கள். காலி வாளியைப் பெயின்டர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம், எடுத்துப்போனேன் என்று அவர் சொன்னால் முடிந்தது. கடை பில்லில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். பில் மேஸ்திரி பெயரில் இருந்தாலும் நகல் கேளுங்கள். வாளி மீது அச்சிட்ட பேட்ச் எண் தெரியும்படி இன்னொரு படமும் எடுத்து வையுங்கள்.

எழுத்தில் இல்லை என்ற பயம்

"அக்ரிமென்ட் போடாதது என் தப்பு, கேஸ் நிக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். பேசியது என்ன என்று நிரூபிப்பதுதான் கஷ்டம், அதில் உங்கள் நிலை மோசமில்லை. 45,000 ஜிபேயில் போயிருக்கிறது. ஷேடு நம்பர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. "நாளைக்கு செகண்ட் கோட் ஆரம்பிக்கிறோம்மா" என்று அவர் குரலிலேயே இருக்கிறது. அந்த போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு ஒரு சான்றிதழ் இணைக்கச் சொல்கிறது. அதைத் தயார் செய்வது உங்கள் வக்கீலின் வேலை.

அந்தக் குரல் பதிவுகளில் ஒன்றை முக்கியமான ஆயுதம் என்று அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். வேலை ஆரம்பிக்கும் முன் மேஸ்திரி அனுப்பியது: "மேல பாத்ரூம் கிட்ட கொஞ்சம் ஈரம் தெரியுதும்மா, பாத்துக்கலாம்." இது இருபுறமும் வெட்டும். ஈரத்தை முன்கூட்டியே சொன்னேன் என்று அவர் வக்கீல் வாதிடுவார். "பாத்துக்கலாம்" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று உங்கள் வக்கீல் வாதிடுவார். அதற்கு நீங்கள் என்ன பதில் அனுப்பினீர்கள் என்று எழுதவில்லை. வெறும் கட்டை விரல் படம்தான் அனுப்பினீர்கள் என்றால், ஈரத்தைத் தெரிந்துகொண்டே அடிக்கச் சொன்னீர்கள் என்று ஆகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தெரிந்த விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. பாத்ரூம் ஓரத்தைப் பொறுத்தவரை அவர் மறைக்கவில்லை. மீதிச் சுவரைச் சுரண்டாமல் அடித்ததைப் பற்றித்தான் அவர் வாய் திறக்கவில்லை. உங்கள் பலம் அங்கே இருக்கிறது, அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

420 வேண்டாம்

மகனின் கோபம் புரிகிறது. ஆனால் 420 என்ற எண்ணே இப்போது இல்லை. 2024 ஜூலை முதல் நடந்த குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதா, அதில் ஏமாற்றுதல் 318-வது பிரிவு. எண் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. வேலையை ஒப்புக்கொண்ட அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தைச் சரியாக நிறைவேற்றாதது மட்டும் ஏமாற்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உங்கள் மேஸ்திரி அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிப்போனவர் இல்லை. சாரம் கட்டி, ஆள் வைத்து, மூன்று வாரம் வேலை பார்த்திருக்கிறார். ஸ்டேஷனில் இதை சிவில் விவகாரம் என்று எழுதி மூடிவிடுவார்கள். அந்தக் காகிதத்தையே அவர் பிறகு உங்களுக்கு எதிராகக் காட்டலாம். பாக்கி கேட்டு வீட்டு வாசலில் நின்று கத்தினால், மிரட்டினால், அது தனி விஷயம். அப்போது போலீசுக்குப் போங்கள்.

வாரன்டி என்ற சொல்

ஏழு வருஷம் என்றால் ஏழு வருஷத்துக்கு எது நடந்தாலும் கம்பெனி வந்து அடித்துத் தரும் என்று நினைத்திருக்கிறீர்கள். விற்கும்போது யாரும் அடுத்த வரியைப் படித்துக் காட்டுவதில்லை. இத்தகைய வாரன்டிகள் பெரும்பாலும் பெயின்ட் படலத்துக்குத்தான். கம்பெனி சொன்ன பிரைமர், சொன்ன கோட்டு எண்ணிக்கை, சொன்ன அளவு தண்ணீர் என்று அடித்திருக்க வேண்டும். ஓதம், உப்பு, விரிசல், கீழே இருக்கும் பழைய பூச்சு கழன்றது எல்லாம் விலக்கு. ஒத்துக்கொண்டாலும் பல சமயம் பெயின்ட் மட்டும் தருவார்கள், ஆள் கூலி உங்கள் தலையில்தான். அதனால் வாரன்டி இல்லை என்று விட்டுவிட வேண்டாம். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் புகார் பதிவு செய்து, அவர்கள் ஆள் வந்து சுவரைப் பார்த்து என்ன காரணம் எழுதுகிறார் என்பதை வாங்கிக்கொள்ளுங்கள். "மேற்பரப்பு சரியாகத் தயாரிக்கப்படவில்லை" என்று அவர் எழுதினால் அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய உபகாரம். கம்பெனியிடம் பணம் வராவிட்டாலும் மேஸ்திரிக்கு எதிராக ஒரு சாட்சி வந்துவிடும்.

உள் வேலையைச் சேர்க்காதீர்கள்

ஹாலில் ஷேடு மாறியது எரிச்சலான விஷயம்தான். ஆனால் அதை நுகர்வோர் புகாரில் சேர்த்தால் மொத்தமும் பலவீனமாகும். வெளிப்புறத்தை மேஸ்திரி மொத்தமாக ஒப்புக்கொண்டார். எத்தனை ஆள், எப்படி வேலை என்பதெல்லாம் அவர் முடிவு. அது சேவை. உள்ளே நீங்கள் பெயின்ட் வாங்கிக் கொடுத்து, தினக்கூலி கொடுத்து, இன்று இந்த அறை, நாளை அந்த அறை என்று சொல்லி வேலை வாங்கியிருக்கிறீர்கள். அதைச் சட்டம் தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தம் என்று பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது, அத்தகைய ஊழியம் நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 1995-ல் டாக்டர்களைப் பற்றிய வி.பி. சாந்தா வழக்கில் விரிவாகவே பேசியிருக்கிறது. ஷேடு மாறியதற்குக் காரணமும் சாதாரணமாகவே இருக்கலாம். முதலில் வாங்கிய டப்பா தீர்ந்து, இரண்டாவது தடவை கடையில் கலந்து வாங்கிய டப்பாவில் நிறம் ஒரு மயிரிழை மாறுவது உண்டு. அனுபவமுள்ள பெயின்டர் எல்லா டப்பாவையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கல்யாண வீட்டில் அந்தச் சுவரில் மாலையும் சீரியல் பல்பும் தொங்கும்போது யாரும் பார்க்கப்போவதில்லை, விடுங்கள்.

உள் வேலை பற்றி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருப்பதால். கதவு, ஜன்னல் கம்பிக்கு இனி எனாமல் அடிக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. உங்கள் ஜன்னல் கம்பியில் 1986 முதல் ஏறிய எனாமல் அடுக்குகள் எல்லாம் அதற்கு முந்தையவை. அதை வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூள் குழந்தைக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மூன்று நாள் குழந்தையை வேறு வீட்டில் வையுங்கள்.

கையில் இருக்கும் 26,000

இப்போது கணக்குக்கு வருவோம். மேற்குச் சுவர் 40 அடி நீளம், இரண்டு மாடிக்கும் சேர்த்து 20 அடி உயரம் என்கிறீர்கள். 800 சதுர அடி. பேசிய ரேட்டிலேயே 25,600. நீங்கள் இன்னும் கொடுக்காமல் வைத்திருப்பது 26,000. உங்கள் சண்டையின் மொத்த மதிப்பு ஏற்கெனவே உங்கள் பீரோவில்தான் இருக்கிறது, அம்மா. அதிலும் பாத்ரூம் ஓரப் பகுதியைக் கழித்துவிட்டால் மேஸ்திரி தலையில் விழுவது இன்னும் குறையும். சரியாகச் சுரண்டி அடிக்க ரேட் கூடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய சமமாக வந்து நிற்கும்.

பணத்தைப் பிடித்துவைப்பது தப்பில்லை. மௌனமாகப் பிடித்துவைப்பதுதான் தப்பு. ஏன் கொடுக்கவில்லை என்று எழுத்தில் சொல்லாவிட்டால், நாளைக்கு அவர் சிவில் கோர்ட்டில் போடும் வழக்கில் நீங்கள் வெறும் பாக்கிதாரர். செய்த வேலைக்கான பணத்தைக் கேட்க அவருக்கு வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது, மறந்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வேலை முடிந்த தேதி, உரிந்த தேதி, எந்தச் சுவர், இன்ஜினியர் சொன்ன காரணம், அதனால் 26,000-ஐ நிறுத்தி வைத்திருக்கிறேன், இத்தனாம் தேதிக்குள் சுவரைச் சரிசெய்து கொடுத்தால் முழுப் பாக்கியும் உடனே தருகிறேன். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப்பிலும் படமாக அனுப்புங்கள். கோபச் சொற்கள் ஒன்றுகூட வேண்டாம். அந்தக் கடிதத்தை நாளைக்கு வேறொருவர் மேசையில் வைத்துப் படிப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

அதே கடிதத்தில் பாத்ரூம் குழாயை நீங்கள் சரிசெய்வதாகவும் சொல்லுங்கள். அது விட்டுக்கொடுப்பது போலத் தோன்றும். ஆனால் நியாயமான ஆள் என்று உங்களைக் காட்டுவது அந்த வரிதான். தெருவில் இன்னும் பத்து வீட்டு வேலை வேண்டும் என்று நினைக்கிற மேஸ்திரிக்கும் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைக்கும். என் அனுபவத்தில் இந்த அளவு தகராறுகளில் பாதிக்கு மேல் இப்படி ஒரு கடிதத்தோடு முடிந்திருக்கின்றன.

அவர் வரவில்லை, பதிலும் இல்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது, உங்களுக்கு அது செங்கல்பட்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம், அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் கூப்பிட்டுப் பாருங்கள். காலக்கெடு, பிரச்சினை தோன்றியதிலிருந்து இரண்டு வருஷம். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கல்யாணத்துக்கு முன் தீர்ப்பு வரும் என்று மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 26,000 ரூபாய் விவகாரத்துக்கு நான் உங்களை இந்தப் பாதைக்குத் தள்ளமாட்டேன். அவர் பாக்கி கேட்டு வழக்குப் போட்டாலோ, மற்ற மூன்று சுவரும் உரிய ஆரம்பித்தாலோ, அப்போது யோசிப்போம்.

மாடிக் குடித்தனக்காரர்

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னைப் பக்கத்தில் ஊர் வழக்கமாகிவிட்டது. பிடிக்கிறவரும் யோசிப்பதில்லை, கொடுக்கிறவரும் கேட்பதில்லை. ஆனால் 2017-ல் இயற்றி 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், குடித்தனக்காரர் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பட்டியலில் இருக்கிறது. தேவைப்படும்போது குழாய் மாற்றுவதும் அங்கேதான். குழாய் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவை குடித்தனக்காரர் பக்கம். உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் பெயின்டிங் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், வரி எதுவும் இல்லையென்றால் பிடிக்காதீர்கள்.

வெளிச்சுவர் செலவை அவர் அட்வான்ஸில் கழிப்பது இன்னும் மோசமான யோசனை. பாத்ரூம் ஒழுகல் அவர் உடைத்ததால் வந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. போன வருஷமே இரண்டு தடவை ஒழுகல் பற்றிச் சொன்னார் என்று நீங்களே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது மெசேஜில் இருந்தால், அது அவருக்குச் சாட்சி. சுவரில் ஆணி அடித்துப் பெயர்த்தது, பிள்ளைகள் கிரேயானில் கிறுக்கியது போன்ற உண்மையான சேதம் இருந்தால், அவரையும் வைத்துக்கொண்டு பார்த்து, படம் எடுத்து, நியாயமான தொகையைப் பேசிக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் குடியிருந்ததில் சுவர் மங்கியதற்கு அவர் பொறுப்பில்லை.

அவர் காலி செய்வதற்காகக் காத்திருக்காமல் பாத்ரூம் வேலையை இப்போதே ஆரம்பிக்க அனுமதி கேளுங்கள். குழாயும் டைல்ஸ் இடுக்கும் சரியாகி, சுவர் வெளியே நன்றாகக் காயாமல் அந்த இடத்தில் யார் அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் இதே கடிதத்தை எனக்கு மறுபடி எழுதுவீர்கள். கல்யாணத்துக்குள் காயாது போலிருந்தால், அந்த ஒரு முழ அகலத்தை மட்டும் பழைய கோலத்தில் விட்டுவிடுங்கள். மேற்குப் பக்கம் சந்துதானே, மாப்பிள்ளை வீட்டார் வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவர் இடத்தில் சாரம் ஊன்ற அவர் அனுமதி வேண்டும். போன தடவை விட்டார் என்பதால் இந்தத் தடவையும் விட்டாக வேண்டும் என்று ஆகிவிடாது. கோர்ட் மூலம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அதற்குள் உங்கள் பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிடுவாள். மேஸ்திரியை அனுப்பாமல் நீங்களே போங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகும்போது பேச வேண்டாம், பத்திரிகையை வைத்துக் கட்டாயப்படுத்தியது போலாகிவிடும். அதற்கு முன்பே ஒரு நாள் போய், துளசி மாடத்தைச் சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். எந்த நாள், காலை எத்தனை மணி முதல் மாலை எத்தனை மணி வரை, எத்தனை நாள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அவர் பக்கம் முழுக்க தார்ப்பாய் விரிப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டித் தொங்கி அடிக்கிற ஆட்கள் உண்டு. ரேட் கூடும், இடுப்பு பெல்ட் இல்லாமல் ஏற விடாதீர்கள். எப்படி இருந்தாலும் தார்ப்பாய்க்கு ஆகும் செலவை வேலை ஆரம்பிக்கும் முன்பே, இந்தத் தடவை எழுத்தில், ரேட்டோடு சேர்த்துப் பேசிவிடுங்கள்.